ஏப்ரல் நாலுக்குள்

கிழங்கு ஓடுகிற பெல்ட் அறுந்து வேலை நின்றுபோன நேரமாகப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் லைனில் வந்தார்கள். ஐம்பது நிமிஷமாக ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றான் ஃபெர்னாண்ட். இரண்டு கையிலும் அறுந்த பெல்ட்டின் முனைகள். அத்தனை நேரமும் ஒரே பியானோ மெட்டு. அது மார்ச் மாதம். வெளியே பனி ஜன்னல் விளிம்புவரை கிடந்தது. ஷெட்டுக்குள் போன செப்டம்பரில் தோண்டிய உருளைக்கிழங்கின் மண்வாசனை. அடியில் எங்கோ ஒரு கிழங்கு அழுகிய வாடையும் கூட.

கை இல்லாததால் ஃபோனை மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினான்.

"பாலிசிதாரரோட பேசணும் சார்," என்றது ஒரு பெண்குரல்.

"நான் அவங்க தம்பி. அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"அவங்க ஒரு தடவை 'சரி'ன்னு சொன்னாப் போதும் சார். அப்புறம் உங்ககிட்ட எல்லாம் பேசலாம்."

"எதுக்குச் சரின்னு சொல்றோம்னே அவங்களுக்குப் புரியாது. அதுக்காகத்தானே ஃபோன் பண்றேன்."

"புரியுது சார். அதிகாரப் பத்திரம் ஏதாவது இருக்கா?"

"போன வாரமே ஃபேக்ஸ் பண்ணிட்டேன்."

"வந்திருக்கு சார். பரிசீலனையில இருக்கு. பத்து வேலைநாள் ஆகும்."

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"அதைச் சொல்றதுக்கு அவங்க அனுமதி வேணும் சார்."

ஃபெர்னாண்ட் பெல்ட்டைக் கீழே போட்டான். அவன் மனைவி லினெட்டும் நானும் எதிரெதிரே நின்று கிழங்கு பொறுக்குகிறவர்கள். லினெட் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "நான்தான் கோலெட்னு சொல்லி நான் பேசவா? எனக்கும்தான் ஒண்ணும் புரியல. பொருத்தமா இருக்கும்."

"வாயை மூடு, லினெட். அவங்க பதிவு பண்றாங்க."

"பண்ணட்டும். அவங்ககிட்டயாவது ஏதாவது பதிவாகட்டும்."

ஃபெர்னாண்ட் என்னோடு படித்தவன். கோபம் வந்தால் பேச மாட்டான், காது மட்டும் சிவக்கும். அன்று சிவந்த காது ஏப்ரல்வரை ஆறவில்லை.

கோலெட் லிசோட் என்றால் எங்கள் தெரியோ சைடிங்கில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தொரு வருஷம் டவுன் கிளார்க்காக இருந்தவர். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்ற இடத்தில், நானூறு பேர் உள்ள ஊர் இது. கிளார்க் என்றால் ஆபீஸே அவர்தான். பிறப்பு, இறப்பு, கல்யாணம், நாய் லைசென்ஸ், மான் வேட்டைச் சீட்டு, ஓட்டுப்பெட்டி எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃபெர்னாண்டைவிட எட்டு வயது மூத்தவர். தன் பில் எதையும் ஒரு நாள் தாமதமாகக் கட்டியவர் அல்ல. நம் பில்லையும் ஞாபகப்படுத்துவார். ஐம்பத்திரண்டாவது வயதிலேயே, பின்னால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் ஆள் வைத்துப் பார்க்கிற செலவைத் தரும் பராமரிப்பு இன்சூரன்ஸ் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அப்போது ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி வாருகிற வண்டியை ஓட்டிவந்தவன் டவுன் ஆபீசில் விளக்கு எரிவதைப் பார்த்து இறங்கியிருக்கிறான். உள்ளே கோலெட் மேஜைமேல் ஓட்டுப்பெட்டியை வைத்து, பேனாக்களை வரிசையாக அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் போடவில்லை. காலில் வீட்டுச் செருப்பு. அரை மைல் பனியில் நடந்து வந்திருக்கிறார். "வரிசையில வாங்க," என்றாராம் அவனிடம்.

குளிரில் விறைத்து இரண்டு கால்விரல்கள் போயின. இனி தனியாக வீட்டில் விட முடியாது, பராமரிப்பு இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். லினெட்டும் ஃபெர்னாண்டும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் மாடிப்படி ஏறித்தான் படுக்கை. இல்லத்துச் செலவைக் கேட்டபோது லினெட் அரைமணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் ஃபெர்னாண்டுக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. கோலெட் வீட்டுச் சமையலறையில், மேல் இழுப்பறையில், லேபிள் ஒட்டிய உறையில் பாலிசி இருந்தது. அதிகாரப் பத்திரமும் அவன் பேரிலேயே எழுதித் தயாராக இருந்தது. அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். செப்டம்பர் தவணையைக் கட்டவில்லை.

பத்து வேலைநாள் பதினான்கு ஆனது. பிறகு வேறொரு குரல், ஒரு ஆண், நிதானமாக எல்லாம் சொன்னான்.

"தவணை வரல, நோட்டீஸ் அனுப்பினோம். நவம்பர் அஞ்சாம் தேதியோட பாலிசி காலாவதி ஆயிடுச்சு சார்."

"அவளுக்கு ஞாபகம் போயிடுச்சுய்யா. ஞாபகம் போனா காசு தர்றதுக்குத்தான் பாலிசி. ஞாபகம் போனதால காசு கட்ட மறந்துட்டா. அதனால காசு இல்லைங்கறே. இதை நீ திரும்ப ஒரு தடவை எனக்குச் சொல்லு, எனக்குச் சரியாக் கேக்குதான்னு பாக்கறேன்."

"அதுக்கு வழி இருக்கு சார். காலாவதி ஆன அன்னைக்கே அவங்க அந்த நிலைமையில இருந்தாங்கன்னு நிரூபிச்சா, பாக்கியைக் கட்டிட்டு மறுபடி உயிர் கொடுக்கலாம். அஞ்சு மாசத்துக்குள்ள கேட்டாகணும். அதாவது ஏப்ரல் அஞ்சு. அது சனிக்கிழமை, எங்க ஆபீஸ் லீவு. நாலாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணின்னு வச்சுக்குங்க."

"எப்படி நிரூபிக்கணும்?"

"டாக்டர் சான்றிதழ், ஆதாரம். ஃபேக்ஸ்லயோ தபால்லயோ அனுப்புங்க."

"இமெயில்?"

"பாதுகாப்புக் காரணமா இமெயில் வாங்கறதில்ல சார்."

எங்கள் ஊரில் வேலை செய்கிற ஃபேக்ஸ் மிஷின் ஒன்றுதான், டவுன் ஆபீசில். கிளார்க் இல்லாததால் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சாவி ஊர்மன்றத் தலைவன் டெல்வின் கோர்மியேயிடம் இருந்தது. டெல்வின் எப்போதும் மாட்டுக்கொட்டிலில், ஃபோன் எடுக்காத இடத்தில் இருப்பான். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஃபெர்னாண்ட் வேலை முடிந்து எட்டு மைல் போய், சாணியில் கால் வைத்து, சாவி வாங்கி வருவான்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு இளம்பெண், நல்ல மாதிரி. ஆனால் அவளும் கையை விரித்தாள். "இப்போ அவங்களுக்கு மறதி நோய் முத்திப் போயிருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் அவங்களைப் பாத்தது பிப்ரவரியில. நவம்பர்ல எப்படி இருந்தாங்கன்னு நான் எப்படி எழுதறது? பழைய டாக்டர் குறிப்பு ஏதாவது இருக்கா?"

"ரெண்டு வருஷமா அவ டாக்டர்கிட்டயே போகல."

"ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் ஃபோன் பண்ணி, எனக்கு உடம்பு நல்லாருக்கு, அந்த நேரத்தை வேற யாருக்காவது கொடுங்கன்னு சொல்லியிருக்கா."

டாக்டர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். "அந்த நேரத்துல அவங்க எழுதினது, செஞ்சது ஏதாவது கொண்டுவாங்க. நம்பற மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும், நான் எழுதித் தரேன்."

அதற்கு நடுவில் கம்பெனி தன் பங்குக்கு ஒரு நர்ஸை விட்டு ஃபோனில் கோலெட்டைப் பரிசோதிக்கச் சொன்னது. அந்தக் காலைக்காக ஃபெர்னாண்ட் அரைநாள் லீவு போட்டான். கூட லினெட்டும் போனாள். எனக்குச் சொன்னது அவள்தான்.

கோலெட் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலை சீவி, ஃபோனை எடுத்தாராம். அன்று காலை லினெட்டைப் பார்த்து 'நீங்க வரி கட்ட வந்தீங்களா' என்று கேட்டவர். ஃபோன் கைக்கு வந்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

"காலை வணக்கம், கோலெட் லிசோட் பேசறேன். உங்களுக்கு நான் என்ன பண்ணணும்?"

நர்ஸ் தேதி கேட்டாள். எதிர்ச் சுவரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் தினமும் தேதி எழுதுகிற பலகை இருந்தது. முப்பத்தொரு வருஷம் எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டவர் அவர். பார்த்துச் சொன்னார். எந்த ஊர், எந்த மாநிலம் என்றாள். அதுவும் பலகையில் இருந்தது. ஐந்து வார்த்தைகள் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள் நர்ஸ். ஃபோனில் யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வது கோலெட்டின் பழக்கம். பக்கத்தில் கிடந்த நாப்கினை இழுத்து, லினெட்டின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஐந்தையும் அழகாக எழுதிக்கொண்டார்.

ஃபெர்னாண்ட் அந்த நாப்கினைப் பிடுங்கக் கை நீட்டினான். அவர் அவன் கையில் பட்டென்று அடித்துவிட்டு, ஃபோனில், "மன்னிக்கணும், இங்க ஒருத்தர் வரிசையைத் தாண்டி வர்றார்," என்றார்.

அஞ்சு நிமிஷம் கழித்து ஐந்து வார்த்தையும் வரிசை மாறாமல் வந்தன.

"உங்களுக்கு ஏதாவது உதவி தேவைப்படுதா, மேடம்?" என்று நர்ஸ் கடைசியாகக் கேட்டாள்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கு வேணும்னா கூப்பிடுங்க, நாலு மணிவரைக்கும் இருப்பேன்."

ஃபெர்னாண்ட் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றானாம். லினெட் பின்னாலேயே போனாள்.

"எனக்கு அவ மேல கோபம் வருது," என்றான். "அவ தப்பாச் சொல்லணும், தப்பாச் சொல்லணும்னு உள்ள நின்னு வேண்டிக்கிட்டிருந்தேன். என்ன பொறப்பு நான்."

"நாப்கின் எங்க?"

"எதுக்கு?"

"அதை வச்சுதான் பதில் சொன்னாங்கன்னு அனுப்பலாம்ல."

திரும்பிப் போனபோது கோலெட் அதில் மூக்கைச் சிந்தி மடித்து வைத்திருந்தார்.

நர்ஸின் அறிக்கை மார்ச் இருபதாம் தேதி வந்தது. 'உரையாடல் தெளிவாகவும் கனிவாகவும் இருந்தது.' ஃபெர்னாண்ட் அதை ஷெட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம். லினெட் பன்றிக்கறி மசியலை ரொட்டியில் தடவிக்கொண்டே, "அந்த நோட்டீஸ் அனுப்பினோம்னாங்களே, அது கோலெட் வீட்ல இல்லையே. யாருக்கு அனுப்பினாங்கன்னு கேளு," என்றாள்.

மறுபடி பியானோ. மறுபடி ஐம்பது நிமிஷம்.

"ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்கோம் சார்," என்றான் அந்த நிதானக்காரன். "ஒண்ணு அவங்களுக்கு. இன்னொண்ணு, அவங்க மறந்துட்டா தகவல் சொல்லச் சொல்லி அவங்களே எழுதிக் கொடுத்த ஆளுக்கு."

"யாரு அது?"

காகிதம் புரளும் சத்தம். "டவுன் கிளார்க், தெரியோ சைடிங்."

லினெட் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அது அவதான்யா," என்றான் ஃபெர்னாண்ட்.

"சார்?"

"அவதான் கிளார்க். அவ மறந்துட்டா அவளுக்கே சொல்லச் சொல்லியிருக்கா."

அப்புறம் யோசித்தபோது புரிந்தது. கோலெட் அறுபத்தைந்தில் ஓய்வு பெறுவதாக இருந்தார். அதற்குள் வேறு யாராவது அந்த நாற்காலியில் இருப்பார்கள், கிளார்க் என்றால் தபாலைத் திறந்து பார்ப்பார் என்று நம்பி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மார்ச் ஊர்க்கூட்டத்திலும் 'கிளார்க் பதவிக்கு யார்' என்று கேட்டபோது நாங்கள் எல்லாரும் குனிந்து பூட்ஸைப் பார்த்தோம். அவரே இருக்கட்டும் என்று கை தூக்கினோம். ஒன்பது வருஷம் அதிகமாக அப்படிக் கை தூக்கியிருக்கிறோம்.

சனிக்கிழமை டெல்வின் சாவியோடு வந்தான். ஆபீசுக்குள் மூச்சு புகைந்தது. ஃபெர்னாண்ட், லினெட், நான், டெல்வின் நால்வரும் கோட்டைக் கழற்றாமல் அலமாரி அலமாரியாகத் தேடினோம். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெட்டியைத் திறந்தால்தான் தெரிந்தது. கல்யாணப் பதிவுக்குள் விதை உருளைக்கிழங்கு விளம்பரம். இறப்புப் பதிவுக்குள் மடித்து வைத்த ஒரு ஜோடிக் கையுறை. நாய் லைசென்ஸ் பெட்டியின் அடியில் லினெட் அதைக் கண்டெடுத்தாள்.

கம்பெனியின் நோட்டீஸ்தான். மேலே 'பெறப்பட்டது, அக்டோபர் 4' என்ற முத்திரை, கோணாமல். ஓரத்தில் கோலெட்டின் கையெழுத்து, பள்ளிக்கூடச் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த அந்தச் சாய்ந்த எழுத்து.

'கோலெட் லிசோட் என்ற பெயரில் வாக்காளர் பட்டியலில் ஒருவர் இருக்கிறார். எனக்கு அறிமுகம் இல்லை. வயதானவராக இருக்கலாம். யாராவது நேரில் போய்ப் பார்த்து உதவி செய்யவும்.'

அதன் கீழே, வழக்கமான கையெழுத்து: கோலெட் லிசோட், டவுன் கிளார்க்.

லினெட் படித்துவிட்டு ஃபெர்னாண்டிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு யாரிடமும் கொடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். கையை எட்டி நானே வாங்கிப் படித்தேன்.

டெல்வின்தான் முதலில் பேசினான். "இதை அனுப்பப் போறியா?"

"பின்ன?"

"தேதி அக்டோபர். நவம்பர் அஞ்சுல நாம புதுப் பனி வண்டி வாங்க ஓட்டுப் போட்டோம். நாலு ஓட்டுல ஜெயிச்சுது. எண்ணிக் கையெழுத்துப் போட்டது கோலெட். அக்டோபர்லயே அவளுக்குத் தன் பேரே தெரியலன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, லூஜே சும்மா இருப்பானா? வண்டி வாங்கியாச்சு, ஃபெர்னாண்ட். ஓடிக்கிட்டிருக்கு."

லூஜே பினெட் பழைய லாரி டிரைவர். ஊரில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எதிர்த்து எழுந்து நிற்பவன்.

"வண்டி உனக்கு. அக்கா எனக்கு," என்றான் ஃபெர்னாண்ட்.

"கோவப்படாதடா. இது ஊர் ஆவணம். கிளார்க் அனுமதி இல்லாம வெளிய போகக் கூடாது. நகல் எடுத்தாலும் கிளார்க் சான்று போடணும். சட்டம் அப்படி."

"கம்பெனிக்காரனும் சான்று போட்ட நகல்தான் கேப்பான்," என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"சரி. கிளார்க் யாரு?" என்றாள் லினெட்.

டெல்வின் தொப்பியைச் சரிசெய்தான்.

"இல்ல, சொல்லு, டெல்வின். எனக்குத் தெரியணும். நாங்க யார்கிட்ட போய்க் கையெழுத்துக் கேக்கணும்?"

"இப்போதைக்கு... கோலெட்தான். அடுத்த சனிக்கிழமை ஊர்க்கூட்டம்வரைக்கும்."

"துணைக் கிளார்க்?"

"ஃப்ளோரிடா போய் மூணு வருஷம் ஆச்சு."

லினெட் சத்தமில்லாமல் பேசினாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நீ அவளை வருஷா வருஷம் முன்மொழிஞ்சவன். போன மார்ச்லயும் நீதான். அப்போ உனக்குத் தெரியாதா?"

டெல்வின் நாய் லைசென்ஸ் பெட்டியை மூடினான். "போன வருஷம் ஜனவரியிலயே என் நாய்க்கு லைசென்ஸ் எழுதினா. நாய் பேர் போடற இடத்துல எங்கப்பா பேரைப் போட்டிருந்தா. நான் வாங்கிப் பையில வச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"சொன்னா வேற ஆள் பாக்கணுமே. யாரு இருக்கா?"

ஃபெர்னாண்ட் எழுந்து அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தான். அதன்மேல் முத்திரைக் கட்டையை வைத்தான், பறக்காமல் இருக்க. "சனிக்கிழமைவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். காணாமப் போச்சுன்னு மட்டும் சொல்லிடாத, டெல்வின்."

அந்த வாரம் முழுக்கப் பனி உருகியது. ரோட்டில் கனரக வண்டி போகக் கூடாது என்று ஆரஞ்சுத் தாள்கள் ஒட்டினார்கள். ஷெட்டில் லாரி வராமல் மூட்டைகள் தேங்கின. ஃபெர்னாண்ட் தினமும் தேதி எண்ணிக்கொண்டிருந்தான்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. பின்னால் மேஜையில் வேகவைத்த பீன்ஸ் அண்டாக்கள், கோல்ஸ்லா, பை. சாலை, கல்லறைப் புல் வெட்டுகிற காண்ட்ராக்ட், தெருவிளக்கு எல்லாம் முடிந்தபிறகு பன்னிரண்டாவது தீர்மானம் வந்தது: டவுன் கிளார்க் தேர்வு.

மேடையில் டெல்வின், "யாராவது முன்மொழியறீங்களா?" என்றான்.

எல்லாரும் பூட்ஸைப் பார்த்தோம். நானும் பார்த்தேன், எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கிழக்குரல், "கோலெட்டே இருக்கட்டுமே," என்றது. பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

ஃபெர்னாண்ட் எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"அவளுக்கு நீங்க யாருன்னு தெரியாது," என்றான். "நான் யாருன்னும் தெரியாது. போன அக்டோபர்லயே தெரியாது. உங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்க வேண்டாம். எனக்கு ஒரு கையெழுத்து வேணும். அதுக்கு ஒரு கிளார்க் வேணும். ஏப்ரல் நாலாம் தேதிக்குள்ள வேணும். யாராவது ஒருத்தர் அஞ்சு நிமிஷம் இருந்தாக்கூடப் போதும். அப்புறம் ராஜினாமா பண்ணிக்குங்க."

உட்கார்ந்துவிட்டான்.

"என்ன கையெழுத்து?" என்றான் லூஜே, இரண்டாவது வரிசையிலிருந்து.

டெல்வின் மேடையிலிருந்து சொன்னான். மறைக்கவில்லை. நோட்டீஸ், தேதி, ஓரத்தில் எழுதியிருந்தது, நாய் லைசென்ஸ், எல்லாம். பனி வண்டி ஓட்டு பற்றியும் சொன்னான். சொல்லி முடித்தபோது முகம் சாம்பலாக இருந்தது.

லூஜே எழுந்து நின்றான். எதிர்க்கத்தான் நிற்கிறான் என்று எல்லாரும் நினைத்தோம்.

"நான் நிக்கறேன், கிளார்க்குக்கு," என்றான். "வர்ற மாசமே அந்த வண்டிக்கு மறு ஓட்டு வைப்பேன். இப்பவே சொல்லிடறேன்."

"வை," என்றான் ஃபெர்னாண்ட். "ஆனா முதல்ல என் காகிதம்."

"உன் காகிதம்தான் முதல்ல. அது இல்லாம நான் எப்படி மறு ஓட்டு கேக்கறது?"

ஒரு எதிர்ப்பும் இல்லாமல் லூஜே பினெட் தேர்ந்தெடுக்கப்பட்டான்; அவன் வாழ்க்கையில் முதல்முறை. பீன்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே உறுதிமொழி எடுத்தான். நேரே ஆபீசுக்குப் போனோம். நகல் எடுத்து, முத்திரை குத்தி, லாரி டிரைவரின் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டான். டெல்வின் தான் கண்டதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். இன்னும் ஆறு பேர் வந்து எழுதினார்கள். அதில் ஒருத்தி தன் வாக்கியத்தில் 'சில நேரம்' என்று போடுவதா 'பல நேரம்' என்று போடுவதா என்று இருபது நிமிஷம் வாதம் செய்தாள். லினெட் பேனாவைப் பிடுங்கி 'பல' என்று எழுதினாள்.

திங்கள்கிழமை டாக்டர் அந்த ஓரக்குறிப்பைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், அக்டோபர் முதலே பாதிப்பு இருந்தது என்று சான்றிதழ் எழுதித் தந்தாள்.

புதன்கிழமை ஃபேக்ஸ் மிஷின் பதினேழாவது பக்கத்தில் காகிதத்தை மென்று நின்றது. லூஜே ஸ்க்ரூடிரைவரால் அதன் வயிற்றைத் திறந்து, எடுத்து, மூடி, மறுபடி முதலிலிருந்து அனுப்பினான். வியாழக்கிழமை கம்பெனி, ஒன்பதாம் பக்கம் தெளிவாக இல்லை என்றது. வெள்ளிக்கிழமை, நாலாம் தேதி, மூன்றே கால் மணிக்கு ஒன்பதாம் பக்கம் மறுபடி போனது. 'வந்துவிட்டது' என்று வாயால் சொல்லச் சொல்லி ஃபெர்னாண்ட் லைனிலேயே நின்றான். நாலு நாற்பதுக்குச் சொன்னார்கள்.

மறு ஓட்டில் லூஜே பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றான். எண்ணிக் கையெழுத்துப் போட்டதும் அவனே. கிளார்க் வேலையை மட்டும் விடவில்லை. இப்போது நம் பில்லை அவன் ஞாபகப்படுத்துகிறான், கோலெட்டைப் போல் நயமாக அல்ல.

பாலிசிக்கு மறுபடி உயிர் வந்தது என்று மே மாதம் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. விதைக்கிழங்கு வெட்டுகிற நேரம். ஃபெர்னாண்ட் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கையில் மாவுப்பால் காயாமலே, கோலெட்டைச் சேர்த்திருந்த இல்லத்துக்குக் கார் எடுத்தான். நானும் கூடப் போனேன்; எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். கோலெட் ஜன்னலோர மேஜையில் இருந்தார். கோழிக்கறிச் சாறும், கூட பிளாயும் வைத்திருந்தார்கள். பிளாய் எங்கள் பக்கத்துத் தோசை. ஒரு பக்கம்தான் வேகும். இவர்கள் திருப்பிப் போட்டிருந்தார்கள். கோலெட் அதை விரலால் தூக்கிக் காட்டி, "பாருங்க, திருப்பிட்டாங்க," என்றார்.

"திருப்பிட்டாங்க," என்றான் ஃபெர்னாண்ட். எதிரே உட்கார்ந்தான். பத்து வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன். கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ஃபோன்ல சண்டை போட்டுக்கிட்டே இருந்தீங்களே, அந்த ஆள்தானே நீங்க?" என்றார் கோலெட். "யாரோ ஒரு பொம்பளைக்காக. இங்க வந்தெல்லாம் பேசினீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"ஆமா."

"கிடைச்சுதா அவளுக்கு?"

"கிடைச்சுது."

"நல்லது." அவர் கடிதத்தைத் திறக்கவில்லை, அடுத்தவர் தபாலைத் திறக்கிறவர் அல்ல அவர். வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி அவன் பக்கம் வைத்தார். "பாவம். அவளுக்குன்னு யாரும் இல்லையா?"

"ஒரு தம்பி இருக்கான்."

"அவன் என்ன பண்றான்?"

ஃபெர்னாண்ட் பிளாயில் ஒரு துண்டைக் கிழித்து, வெண்ணெய் தடவி, வாயில் போட்டான்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கான்," என்றான்.